நாய்மரத்துக்கு ஊற்றிய புளி

மரம் வந்து இறங்கியபோது குகனேஸ்வரி மேல்வீட்டுக் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற எண்ணெயை விட்டுவிட்டுக் கீழே ஓடவா முடியும்? அந்த நேரம் பார்த்து றோசமலர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றாள். “இதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?” என்று வீட்டுக்கார சிஞ்ஞோரா கேட்டதுதான் தாமதம், “இயோ” என்றாள், தும்புத்தடியைக்கூடக் கீழே வைக்காமல். இத்தாலியனில் நான் என்று அர்த்தம். அந்த ஒற்றைச் சொல்லை நினைத்து நினைத்து குகனேஸ்வரி அடுத்த ஒரு வருஷம் வயிறெரிந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், றோசமலரை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டதே அவள்தான். சிஞ்ஞோரா எர்மீனியாவுக்கு இடுப்பு நோ தொடங்கியபோது, வீட்டு வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும், தெரிந்தவர்கள் இருந்தால் சொல் என்று கேட்டாள். குகனேஸ்வரி நன்றாக யோசித்துத்தான் ஆள் பிடித்தாள். கெட்டிக்காரிகள் நாலைந்து பேர் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலே றெயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் அரிசிப் பையோடு மூலையில் நின்ற றோசமலரைத் தெரிந்தெடுத்தாள். மன்னார்ப் பேசாலைப் பெட்டை, கதை குறைவு, இத்தாலியன் அரைகுறை. தனக்குப் போட்டியாக வரமாட்டாள் என்று போட்ட கணக்கு. அந்தக் கணக்கு மரம் வந்த அன்றே பிழைத்துப்போயிற்று.

பலர்மோவின் கால்சாப் பகுதியில், கடலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த பழைய மாளிகை அது. முன்பக்கம் திருத்திப் பூசி அழகாயிருக்கும். பின்பக்கம் யுத்தகாலத்துக் குண்டு விழுந்து கூரை போனது போனபடி. நடுவில் நாலு பக்கமும் சுவர் வைத்த முற்றம். காலையில் வெயில் விழும், பின்னேரம் நிழல். சிஞ்ஞோரா இளம்பெண்ணாக இருந்த காலத்தில் புருஷனின் உத்தியோகத்தோடு சில வருஷம் அமெரிக்காவில் இருந்தவள். அங்கே சித்திரை மாதத்தில் வீட்டுக்கு வீடு முன்வாசலில் இந்த மரம் வெள்ளையாகப் பூத்து நிற்குமாம். சாகுமுன் அதைத் தன் முற்றத்தில் பார்க்கவேண்டும் என்று வடக்கே ஒரு நாற்றுப்பண்ணைக்குச் சொல்லி லொறியில் எடுப்பித்தாள். இத்தாலியர்கள் அதைக் கோர்னியோலோ என்பார்கள். இங்கிலிஷில் டொக்வுட் என்று சிஞ்ஞோரா ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படித்த குகனேஸ்வரிக்கு அது போதும். அன்றிலிருந்து அவள் வாயில் அது நாய்மரம்.

பார்க்கவும் ஒன்றும் பெரிதாக இல்லை. கார்த்திகை மாதம், ஆள் உயரத்தில் இலையில்லாத ஒரு தடி. கொப்பு நுனிகளில் சட்டைப் பொத்தான் மாதிரிச் சாம்பல் நிற மொட்டுகள்.

“இந்தத் தடிக்கோ இவ்வளவு ஆரவாரம்?” என்று குகனேஸ்வரி புருஷன் கோபாலசிங்கத்திடம் கேட்டாள். கேட்டது அவன் காதுக்குள்.

அதே நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் அவர்கள் இருந்த வீட்டில் எல்லாக் கதையும் காதுக்குள்தான். ஒரு வீட்டை மூன்று குடும்பம் பங்கு போட்டுக்கொண்டது. இவர்களுடைய பங்கு வரவேற்பறையில் பாதி. நடுவில் பூப்போட்ட திரைச்சீலை, அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு சோடி. அவர்கள் இருமினால் இவர்களுக்கு நித்திரை குழம்பும். கல்யாணம் கட்டி இத்தனை வருஷமாகியும் குகனேஸ்வரி புருஷனோடு ஒருநாளாவது வாய்விட்டுச் சண்டை பிடித்ததில்லை. கோபம் வந்தால் கிள்ளுவாள். அவனும் சத்தம் போடாமல் வாங்கிக்கொள்வான். இவளைப்போல ஒரு வாய்க்காரிக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அதற்குள் நின்று தொண்டை கிழியக் கத்தவேண்டும். வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்தக் கதவு எது என்றும் அவள் பார்த்து வைத்திருந்தாள். முற்றத்து மூலையில், மரம் நட்ட இடத்துக்கு நேர் எதிரே, பழைய காவற்காரன் இருந்த இரண்டு அறைகள். கிழவன் மகளோடு பகேரியா ஊருக்குப் போய்விட்டான், அறைகள் பூட்டிக் கிடந்தன. பச்சை நிறம் பூசிய தடித்த கதவு. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. குகனேஸ்வரி தட்டிப் பார்த்திருக்கிறாள்.

றோசமலருக்கும் அதில் கண் இருந்தது. அவளும் புருஷன் விமலராஜும் அண்ணன் வீட்டுக் குசினியில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள். அண்ணி எழும்பித் தேத்தண்ணி வைக்கமுன் பாயைச் சுருட்டவேண்டும். ஆனால் றோசமலர் கதவைத் தட்டியெல்லாம் பார்க்கவில்லை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையே குகனேஸ்வரிக்குக் காணும்.

சித்திரையில் மரம் பூத்தது. அதிகமில்லை, பண்ணையிலிருந்து வரும்போதே கொண்டுவந்த சில மொட்டுகள். நாலு வெள்ளை இதழ்கள், சிலுவை மாதிரி. ஒவ்வொரு இதழ் நுனியிலும் ஒரு சின்ன வெட்டு, ஆணி அடித்த தழும்புபோலத் துருவின் நிறத்தில். ஆண்டவரை அறைந்த சிலுவை இந்த மரத்தில்தான் செய்தது என்று அமெரிக்காவில் சொல்வார்களாம். சிஞ்ஞோரா அதைச் சொன்னதும் றோசமலருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. சிஞ்ஞோராவும் அழுதாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, கோப்பித் தட்டத்தோடு வந்த குகனேஸ்வரி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அவளுக்கும் அழ விருப்பம்தான். அவளும் சாந்த றோசாலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுகிறவள்தானே. ஆனால் கண்ணீர் என்ன கேட்டவுடன் வருகிற சாமானா?

வைகாசி முழுக்கப் பின்னேரங்களில் மரத்தடியில் செபமாலை நடந்தது. இரண்டு கதிரைகள். மூன்றாவது கதிரை ஒன்றைப் போட யாருக்கும் தோன்றவில்லை. இதழ் மாதிரித் தெரிவது இதழ் இல்லை, நடுவில் பச்சையாகக் கூட்டமாக இருக்கிறவைதான் உண்மையான பூ என்று சிஞ்ஞோரா றோசமலருக்கு விளங்கப்படுத்தியதைக்கூட குகனேஸ்வரி மேல் யன்னலில் நின்றுதான் கேட்டாள். இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் நான், சிஞ்ஞோராவுக்கு உப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு என்று தெரிந்தவள் நான், இண்டைக்கு எனக்குக் கதிரை இல்லை. இப்படி நினைத்துக்கொண்டு அவள் அயர்ன் பண்ணிய மேசைவிரிப்பில் ஒரு மூலை கருகிப்போனது.

ஆனி மாதம் சிஞ்ஞோரா மலைநாட்டில் இருக்கிற தங்கை வீட்டுக்கு வெயிலுக்குத் தப்பிப் போக ஆயத்தமானாள். போகமுன் இரண்டு பேரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள். மரத்தின் இலைகள் அப்போது ஒரு மாதிரி வெளிறிக்கொண்டு வந்தன. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள்.

“செப்டம்பரில் திரும்பி வருவேன்” என்றாள் சிஞ்ஞோரா. “இந்த மரம் என் முற்றத்தில் பிழைக்க வேண்டுமானால் அதைப் பார்க்கிறவள் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த இரண்டு அறைகளையும் அவளுக்குக் கொடுக்கப் போகிறேன்.”

பார்க்கிறவள் என்று சொல்லும்போது சிஞ்ஞோராவின் கண் றோசமலரில் இருந்தது. றோசமலர் தலையைக் குனிந்துகொண்டாள். குகனேஸ்வரிக்குக் காதால் புகை போனது.

றோசமலர் அன்றிலிருந்து மரத்தை விழுந்து விழுந்து பார்த்தாள். பைப்புத் தண்ணீர் வருகிற நாளெல்லாம் வாளி வாளியாக ஊற்றினாள். றோசாச் செடிக்கு எங்கள் ஆட்கள் என்ன போடுவார்களோ அதையெல்லாம் போட்டாள். முட்டைக்கோது நொறுக்கிப் போட்டாள். ஒழுங்கை முடக்கில் இருந்த பாண் போறணையில் சாம்பல் கேட்டு வாங்கிவந்து வேரைச் சுற்றித் தூவினாள். அவள் பார்க்கப் பார்க்க மரம் இன்னும் மஞ்சளாகியது. ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வந்த அன்று இலை ஓரங்கள் எல்லாம் கருகிச் சுருண்டன. குகனேஸ்வரிக்கு அதைப் பார்க்க நல்ல பசி வந்தது.

கோடையில் வேலை இப்படி: காலையில் றோசமலர் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள். மத்தியானத்துக்கு மேல் குகனேஸ்வரி வந்து யன்னல்களைத் திறந்து, தூசி தட்டி, தனக்கு ஒரு சோறு கறி ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அப்படி ஒருநாள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. புளியமரத்துக்குக் கீழே ஒன்றும் முளைக்காது. புல்லுக்கூட வராது. அது யாழ்ப்பாணத்திலும் தெரியும், மன்னாரிலும் தெரியும். மரம் நிழல் விழுத்தினாலே மற்றச் செடி சாகுமென்றால், புளியையே கரைத்து வேரில் ஊற்றினால்? மரம் செத்தால் றோசமலருக்கு என்ன கதை, என்ன அறை? பிறகு மூப்புப்படி பார்த்தால் பச்சைக் கதவின் திறப்பு யாருக்கு வரும்?

கையில் பிழிந்த சக்கையையும் கொட்டையையும் அவள் வெளியே எறியவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, கீழே கொண்டுபோய், மரத்தின் அடியில் ஊற்றினாள். சக்கை கண்ணுக்குப் படாமல் இருக்க, மொக்காக் கேத்திலில் மிஞ்சிய கோப்பித்தூளை மேலே பரப்பினாள். செய்துவிட்டு நல்லாய்ச் சாப்பிட்டாள்.

முதல் வாரம் கொஞ்சம் கடுமையாக ஊற்றிவிட்டாள் போல. இரண்டு மூன்று இலைகள் ஒரேயடியாகக் கருகி விழுந்தன. உடனே பயம் வந்துவிட்டது. திடீரென்று செத்தால் சந்தேகம் வரும். வருத்தக்காரர் சாவதுபோல மெல்ல மெல்லச் சாகவேண்டும். அதனால் புளியைக் குறைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள். ஒவ்வொரு பின்னேரமும் முற்றத்தில் குந்தி, சாகுதோ சாகுதோ என்று இலை இலையாகப் புரட்டிப் பார்த்தாள். எந்தக் கொப்பில் எந்த இலை எப்படி நிற்கிறது என்று மனப்பாடம். அந்த மரத்தை அவ்வளவு கவனமாக அதுவரை யாரும் பார்த்ததில்லை, அதற்காக அழுதவர்கள் உட்பட.

மரம் பச்சையாகியது.

முதலில் அவள் நம்பவில்லை. புதிதாக வந்த இலைகள் பச்சைப் பசேலென்று, எண்ணெய் பூசியதுபோல வந்தன. தமிழ்க் கடைக்குப் போனபோது அங்கே நின்ற செலஸ்ரீனா, கோயில் பாட்டுக் கோஷ்டியில் றோசமலரோடு படிக்கிறவள், இவளிடமே சொன்னாள்.

“கேள்விப்பட்டனீங்களே, றோசமலரின்ரை கைராசி? கருகிப்போன மரத்தைச் செபம் சொல்லியே துளிர்க்க வைச்சிட்டாவாம். சிஞ்ஞோரா ரெலிபோனிலை கேட்டிட்டு அழுதவவாம்.”

குகனேஸ்வரி வாங்க வந்த சாமானை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். அன்று கோபாலசிங்கத்துக்குக் காரணமில்லாமல் இரண்டு கிள்ளு விழுந்தது.

அந்த எரிச்சலில் அவள் புளி ஊற்றுவதை நிற்பாட்டினாள். கொஞ்ச நாளிலேயே நுனியில் வந்த குருத்து மஞ்சளாக விரிந்தது. குகனேஸ்வரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்போதுதான் விளங்கியது. செபமும் இல்லை, சாம்பலும் இல்லை. பச்சை முழுக்கப் புளியின் பச்சை. அவளுடைய பச்சை. றோசமலர் காலையில் கெடுத்துவிட்டுப் போவதை இவள் பின்னேரம் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

இனி ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும். மரம் தானாகச் செத்துவிடும், றோசமலர் மூக்குடைபடுவாள், நினைத்தது நடக்கும். ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தன்னுடைய மரம் ஏன் சாகவேண்டும்? றோசமலரின் மரம் சாகவேண்டும் என்றுதானே அவள் ஊற்றினாள். இது இப்போது வேறு மரம். அடுத்த நாளே புளி கரைத்தாள், பழைய அளவில்.

செப்டம்பரில் சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். சொல்லப்போனால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. பலர்மோக்காரருக்குப் புளி, அவர்கள் வாயில் தமரிந்தோ, என்றால் தெருமுனைக் கியோஸ்கில் ஐஸ் போட்டு விற்கிற சர்பத். அதை மரத்துக்கு ஊற்றினேன் என்றால் சிஞ்ஞோரா சிரிப்பாள், கட்டிப்பிடிப்பாள், திறப்பைத் தருவாள். ஒரே ஒரு நிபந்தனை, றோசமலர் பக்கத்தில் இருக்கக்கூடாது. வேற்றாளின் மரத்தடியில் ஒளித்துப் புளி ஊற்றுகிறவள் எதற்காக ஊற்றுவாள் என்று றோசமலருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குகனேஸ்வரி இத்தாலியனில் வசனத்தை அமைத்து, பாத்திரம் கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

சிஞ்ஞோரா தனியாக வரவில்லை. வில்லபாத்தேயில் நாற்றுத்தோட்டம் வைத்திருக்கிற கலோஜெரோ என்பவரையும் மரம் பார்க்க வரச் சொல்லியிருந்தாள். அவர் வந்த நேரம் றோசமலரும் முற்றத்தில் நின்றாள், குகனேஸ்வரியும் நின்றாள்.

கலோஜெரோ குந்தியிருந்து மண்ணைக் கிளறினார். வெள்ளைத் துண்டுகள் வந்தன.

“முட்டைக்கோது யார் போட்டது?”

“இயோ” என்றாள் றோசமலர்.

“இந்தச் சாம்பல்?”

“இயோ.”

அவர் கையைத் தலைக்குமேல் தூக்கினார். “இந்த மரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. எங்கள் தண்ணீரே சுண்ணாம்பு, மொக்காவுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, பார்த்ததில்லையா? அதற்குமேல் கோதும் சாம்பலும். நியாயப்படி இது ஜூலையில் விறகாகியிருக்க வேண்டும்.”

றோசமலரின் முகம் வெளிறியது. ஒரு வருஷமாகக் காத்திருந்த காட்சி அது. குகனேஸ்வரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. கோப்பித்தூளை ஒதுக்கினார். அதற்குக் கீழே மண்ணிறச் சக்கை, அதற்குள் மினுமினுவென்று கொட்டைகள். கொஞ்சம் கிள்ளி மணந்தார், நாக்கில் வைத்தார்.

“புளிக்கிறது. சுண்ணாம்பை முறித்து இதுதான் காப்பாற்றியிருக்கிறது. அளவாகப் போட்டிருக்கிறார்கள், கூடினால் வேர் கருகியிருக்கும், குறைந்தால் மஞ்சள் போயிருக்காது. மேலே போட்ட கோப்பித்தூள் வேருக்குக் குளிர்ச்சி. இதைச் செய்தது யார்?”

றோசமலர் குனிந்து ஒரு கொட்டையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். புளியங்கொட்டையை அடையாளம் தெரியாத தமிழ்ப்பிள்ளை எங்கே இருக்கிறது? அவள் மெல்லத் தலையை நிமிர்த்திக் குகனேஸ்வரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது.

 குகனேஸ்வரிக்குப் பழகி வைத்த வசனத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. இயோ என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லத்தான் ஒரு வருஷமாகத் துடித்தாள். இப்போது றோசமலர் ஒருமுறை “இயோ” என்று சொன்னால் போதும், அறை அவளுக்கு, திறப்பு அவளுக்கு. இல்லை, அது நான் என்று எதிர்த்துச் சொல்ல இவளால் முடியாது.

“லேயி” என்றாள் றோசமலர், குகனேஸ்வரியைக் காட்டி. அவள் என்று அர்த்தம். “தமரிந்தோ.”

சிஞ்ஞோரா சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தமரிந்தோவா, நான் குடிக்கிறதையா, என் மரமும் குடித்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். குகனேஸ்வரியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். இவ்வளவு நாளும் மூச்சுக் காட்டாமல் செய்திருக்கிறாளே, எப்பேர்ப்பட்ட அடக்கம் என்று கலோஜெரோவிடம் சொன்னாள். பிறகு கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய், அலுமாரிக்குள்ளிருந்து பெரிய இரும்புத் திறப்பை எடுத்துக் கையில் வைத்தாள்.

திறப்போடு இறங்கி வந்தபோது கலோஜெரோ போய்விட்டார். றோசமலர் மரத்தடியில் இருந்த முட்டைக்கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சாகட்டும் எண்டுதானே ஊத்தினனீங்கள், அக்கா?” என்று நிமிராமலே கேட்டாள்.

“ஓம்” என்றாள் குகனேஸ்வரி. பொய் சொல்ல அந்த இடத்தில் வழியில்லை.

“பிறகு?”

“பிறகு என்ரை மரமெண்டு நினைச்சன்.” திறப்பை மற்றக் கைக்கு மாற்றி, “நீர் ஏன் உம்மடை பேரைச் சொல்லேல்லை? நான் மறுத்திருக்க மாட்டன். உமக்கும் அறை வேணும்தானே” என்றாள்.

“வேணும்தான். ஆர் வேண்டாமெண்டது?” றோசமலர் கையில் இருந்த கோதுகளைப் பைக்குள் போட்டாள். “ஆனா நானெண்டு சொன்னா நாளையிலையிருந்து நான்தானே ஊத்தவேணும். எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது. சாகுதோ சாகுதோ எண்டு பாத்துப் பாத்து ஊத்தின உங்களுக்குத்தான் அந்த அளவு தெரியும். எனக்கு அறை கிடைச்சு மரம் போனா என்ன செய்யிறது? அது பூக்கவேணும், அக்கா.”

அவள் எழும்பி, அந்தப் புளியங்கொட்டையைக் குகனேஸ்வரியின் கையில் திறப்போடு சேர்த்து வைத்துவிட்டு, பாயைச் சுருட்டுகிற அந்தக் குசினிக்கே திரும்பிப் போனாள்.

அடுத்த சித்திரையில் மரம் இலை தெரியாமல் பூத்தது. கொப்புக்குக் கொப்பு வெள்ளை. சிஞ்ஞோரா சொந்தக்காரரை எல்லாம் அழைத்திருந்தாள். மரத்தடியில் இப்போது மூன்று கதிரைகள், நடுக் கதிரை குகனேஸ்வரிக்கு. வந்த ஒவ்வொருவரிடமும் சிஞ்ஞோரா அவளுடைய கையைத் தூக்கிக் காட்டி, இந்தக் கைதான், இந்தக் கைதான் என்றாள். ஒவ்வொரு முறையும் குகனேஸ்வரி றோசமலரைப் பார்த்தாள். ஒரு நக்கல், ஒரு கண் ஜாடை, ஒன்றாவது வரும் என்று பார்த்தாள். றோசமலர் இவள் பக்கம் திரும்பவே இல்லை. பூவைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள், முகமெல்லாம் சந்தோஷம். குகனேஸ்வரிக்கு அந்த மரத்தை அப்படி ஒருநாளும் பார்க்க முடிந்ததில்லை. பார்த்தால் புளிதான் ஞாபகம் வரும். இப்போது அந்தப் பார்வையிலும் அவளுக்குப் பொறாமை வந்தது.

விருந்தாளிகள் போனபின் அவள் தன்னுடைய வீட்டுக்குள் வந்து பச்சைக் கதவைச் சாத்தினாள். கோபாலசிங்கம் கட்டிலில் இருந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஏன் முகம் இப்பிடிக் கிடக்குது?” என்றான். “கதவு கிடைச்சிட்டுது, சிஞ்ஞோரா தலையிலை தூக்கி வைச்சு ஆடுறா. இன்னும் அந்தப் பிள்ளையிலை உமக்கு என்ன எரிச்சல்?”

குகனேஸ்வரி கத்தினாள். இத்தனை வருஷமும் கிள்ளிக் கிள்ளி அடக்கியது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

“சாகட்டுமெண்டு ஊத்தினனெண்டு அவள் என்னைக் காட்டிக் குடுத்திருக்கவேணும். நானெண்டா குடுத்திருப்பன். அந்த இடத்திலையே சொல்லி, கடையிலை சொல்லி, கோயிலிலை சொல்லி, ஆளைத் தலைநிமிரவிடாமப் பண்ணியிருப்பன். அவள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இண்டைக்கு வரைக்கும், விமலராஜுக்குக்கூடச் சொல்லேல்லை. என்னட்டைத் தோத்துப்போயும் அவள்தானே அங்கை சந்தோஷமா நிக்கிறாள். அதை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது, சொல்லுங்கோ.”

கோபாலசிங்கம் பழக்கதோஷத்தில் விரலை உதட்டில் வைத்தான். பிறகு ஞாபகம் வந்து எடுத்துவிட்டான். தடித்த கதவு, வெளியே ஒன்றும் கேட்டிருக்காது.

 அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு புளி கரைக்கப் போனாள். மரத்துக்கு ஊற்றவேண்டிய நாள் அது.